பிஞ்சுக்கும் முற்றலுக்கும் நடுவே

மாகடிப் பக்கத்து அவரைக்காய் தெருவுக்கு வந்ததும், பழைய பெங்களூர்க்காரர் விலை கேட்பதற்கு முன் ஒரு கைப்பிடி அள்ளி முகர்ந்து பார்ப்பார். பூச்சி இருக்கிறதா, காய் வாடியிருக்கிறதா என்பதெல்லாம் அப்புறம். மணம் இருந்தால்தான் பேரம் தொடங்கும். சொகடு என்று கன்னடத்தில் அந்த மணத்துக்குப் பெயர். நல்ல சொகடுள்ள காயைத் தடவினால் விரலில் எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டிக்கொள்ளும். தோலில் ஊறும் கொழுப்பு அமிலங்கள்தான் பிசுக்கும், வாசனையும். சோப்புப் போட்டுக் கழுவினாலும் மத்தியானம் வரை கையில் இருக்கும். இருக்கட்டும் என்றுதான் தோன்றும்.

தமிழ்நாட்டில் பச்சை மொச்சை என்று நாம் உரித்துத் தின்பதுதான் இங்கே அவரைக்காய். மார்கழியும் தையும் அதற்கான மாதங்கள். உப்புமா, அக்கி ரொட்டி, சாறு என்று எதைத் தொட்டாலும் அவரை. சஜ்ஜன் ராவ் சர்க்கிள் உணவுத் தெருவில் தொடங்கிய அவரைக்காய் மேளா கூட்டம் தாங்காமல் நேஷனல் கல்லூரி மைதானத்துக்கு இடம் மாறிவிட்டது. அங்கே அவரைக்காய் ஜிலேபிகூட உண்டு. அதை ஒருமுறை சாப்பிட்டுப் பார்க்கலாம். இரண்டாவது முறைக்கு எனக்குக் காரணம் கிடைக்கவில்லை. சப்பசிகே கீரையோடு, அதாவது நம் சதகுப்பைக் கீரையோடு, சேர்ந்து வேகும்போதுதான் அவரைக்காய் தன் முழுச் சுவையைத் தரும்.

வாங்கித் தின்பதற்கே இவ்வளவு ரசனை என்றால், மொட்டை மாடியில் பை வைத்து வளர்த்துப் பறிப்பவர்களின் பாட்டைச் சொல்ல வேண்டியதில்லை. பெங்களூரில் அப்படிப்பட்ட மாடிகள் ஏராளம். வேளாண் பல்கலைக்கழகத்தில் பூச்சியியல் கற்பித்த டாக்டர் பி.என். விஸ்வநாத் போன்றவர்கள் மாடித்தோட்டத்தை ஓர் இயக்கமாகவே வளர்த்தார்கள். 2011-இல் தொடங்கிய ‘ஊட்டா ஃப்ரம் யுவர் தோட்டா’ சந்தைகளில் விதையும் மண்ணும் வாங்கிக் கற்றுக்கொண்ட குடும்பங்கள் எத்தனையோ. விதைப்பது, உரம் போடுவது எல்லாம் அங்கே கற்கலாம். பறிப்பது மட்டும் கைப்பழக்கம்.

எங்கள் வீட்டில் அந்த அதிகாரம் முழுக்க மாமியாருடையது. பட்டாணியைப் பேரன் பறித்துவிடலாம். அவரைப் பந்தலுக்குக் கீழே அவன் கை போனால் குரல் வரும்.

“பாட்டி, இது பெருசாயிடுச்சு.”

“தோல்தான்டா பெருசாயிருக்கு கண்ணு. உள்ள இன்னும் உப்பல. மூணு நாள் விடு.”

மூன்று நாள் என்பது அவர் சும்மா சொல்வதில்லை. வெளியிலிருந்தே ஒவ்வொரு விதையின் மேடும் தனித்தனியாகத் தெரிய வேண்டும். அதே சமயம் தோல் சுருங்கத் தொடங்கியிருக்கக் கூடாது. கட்டைவிரலால் அழுத்தினால் விதை கொஞ்சம் இடம் கொடுக்க வேண்டும். பிஞ்சாகப் பறித்தால் உரிக்கிற பாட்டுக்கு ஒன்றும் தேறாது, முற்றிவிட்டால் மாவாகிவிடும். இந்த இரண்டுக்கும் நடுவிலுள்ள சில நாட்களைப் பிடிப்பதுதான் வித்தை. தோட்டக்காரர்களைப் பற்றி நான் ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன்: செடியை வளர்த்திருக்கும் விதத்தில் அவர்களுடைய உழைப்பு தெரியும், பறிக்கும் விதத்தில்தான் ரசனை தெரியும்.

ஒவ்வொரு காய்க்கும் அதனதன் கணக்கு இருக்கிறது. பட்டாணி பறித்த கணத்திலிருந்தே அதன் சர்க்கரை மாவுச்சத்தாக மாறத் தொடங்கும். அதனால் அடுப்பில் தண்ணீர் கொதித்த பிறகு மாடிக்குப் போவதில் தவறில்லை. நூல்கோல் ஆரஞ்சு அளவு வந்ததும் எடுத்துவிட வேண்டும். இன்னும் கொஞ்சம் பெருக்கட்டும் என்று ஆசைப்பட்டால் நார்தான் மிஞ்சும். அதன் இலையைத் தூக்கிப் போடுகிறவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. முள்ளங்கி ஒரு வாரம் தாமதித்தால் உள்ளே சக்கை. கொத்தமல்லி ஒன்றுதான் தாமதத்தை மன்னிக்கும்: வெயில் ஏறியதும் பூத்துவிடும், பூவுக்குத் தேனீ வரும், பிறகு தனியாவாக இன்னொரு அறுவடை தரும்.

பறித்தபின் குடும்பமே சேர வேண்டிய வேலை ஒன்று உண்டு. உரித்த அவரை விதையை இரவெல்லாம் ஊறவைத்து, மேல்தோலைப் பிதுக்கி, உள்ளிருக்கும் பருப்பை மட்டும் எடுப்பது. ஒசூர், கிருஷ்ணகிரிப் பக்கம் பிதுக்கம்பருப்பு; இங்கே ஹிதகித பேளே. இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து அழுத்தினால் பருப்பு துள்ளி எங்கேயாவது போய் விழும். தனியாளாகச் செய்தால் தண்டனை, நான்கு பேர் உட்கார்ந்தால் அரட்டை. இப்போது பிதுக்கிய பருப்பாகவே பொட்டலத்தில் கிடைக்கிறது. வேலை மிச்சம்தான், ஆனால் தண்ணீரில் நேரம் கழிந்த பருப்பில் சொகடு பாதிதான் இருக்கும்.

ஹெப்பாளில் தொடங்கிய வேளாண் பல்கலைக்கழகம் ‘ஹெப்பாள் அவரே’ என்ற பெயரில் ரகங்களைத் தந்திருக்கிறது. நாட்டு அவரை பகல் குறுகினால்தான் பூக்கும். ஆவணியில் விதைத்தாலும் அதற்கு முன்பே விதைத்தாலும் குளிர்காலம் வரும்வரை இலையும் கொடியுமாகவே காத்திருக்கும். இந்தக் குட்டை ரகங்களுக்குப் பகலின் நீளம் ஒரு பொருட்டில்லை, எந்தப் பருவத்திலும் காய்க்கும். விவசாயிக்கு அது வரம். மாடியில் வளர்ப்பவருக்கு என்ன அவசரம்? மற்றவர்கள் வீட்டுச் சமையலறையும் அதே வாரத்தில் மணக்கும்போது கிடைக்கும் சந்தோஷம் ஜூன் மாதத்து அவரைக்காயில் கிடையாது.

காய்கறித் தோட்டம் இந்த ஊருக்குப் புதிதில்லை. திகளர் என்ற சமூகம் தலைமுறை தலைமுறையாக ஏரிக்கரைகளை ஒட்டிக் கீரையும் காயும் பூவும் பயிரிட்டு வந்தது. அவர்கள் வீட்டுப் பேச்சில் தமிழ் உண்டு. சித்திரா பௌர்ணமி இரவில் திகளர்பேட்டை தர்மராயசுவாமி கோயிலிலிருந்து புறப்படும் கரகம் அவர்களுடையது. அந்தச் சடங்குகளில் ஒரு பங்கு இன்றைக்கும் சம்பங்கி ஏரியில் நடக்கிறது. ஏரி என்று சொல்லக்கூடாது. ஏரியின் பெரும்பகுதி கண்டீரவா ஸ்டேடியம் ஆகிவிட, கரகத்துக்கென்று விட்டுவைத்த குட்டை அது. குளிர்காலப் பயிர் முடிந்து கோடை விதைப்பு கண்விடும் சமயத்தில் தோட்டக்காரர்களின் திருவிழா வருவதில் ஒரு பொருத்தம் இருக்கிறது.

தோட்டம் பழையது என்றாலும் காய்கள் எல்லாமே உள்ளூர் இல்லை: நாம் பெங்களூர் கத்தரிக்காய் என்று சொல்லும் சௌசௌ மெக்சிகோவிலிருந்து வந்தது. 1874 முதல் 1908 வரை லால்பாகைக் கவனித்த ஜான் கேமரனின் பெயரை அதோடு சேர்த்துச் சொல்வார்கள். முழுக் காயையே மண்ணில் பாதி புதைத்தால் போதும், பந்தலைத் தானே தேடிக்கொள்ளும்.

தை கடைசியில் அவரைக் கொடி மஞ்சளிக்கும்போது கோடைத் திட்டம் தொடங்குகிறது. கொடியைப் பிடுங்கக் கூடாது, தரையோடு அறுக்க வேண்டும். வேர் முடிச்சுகளில் சேர்ந்த தழைச்சத்து மண்ணிலேயே மக்கட்டும். வெண்டைக்கு அந்தப் பைதான் சரியான இடம். தண்டையும் இலையையும் நறுக்கி மேலே மூடாக்காகப் போட்டுவிடலாம். அறுப்பதற்கு முன்பே விதைக்கான காய்கள் முடிவாகியிருக்க வேண்டும். மாமியார் பறிக்காமல் விடுகிற காய்கள் எல்லாவற்றிலும் கொழுத்தவை; அவற்றில் சிவப்பு நூல் கட்டியிருக்கும். சொத்தையை வீட்டுக்கும் சிறந்ததை விதைக்கும் என்று ஒதுக்கும் அந்த நியாயம் பேரனுக்கு இன்னும் பிடிபடவில்லை. காய்ந்த விதையைச் சாம்பலில் புரட்டி டப்பாவில் வைத்தால் ஆவணி வரை வண்டு அண்டாது.

தக்காளி விதையை இப்படி எடுத்து வைப்பவர்கள் ரகத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும். 1967-இல் தொடங்கி ஹெசரகட்டாவில் இயங்கும் இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் ‘அர்கா ரக்‌ஷக்’ இலைச்சுருட்டு உள்ளிட்ட மூன்று நோய்களைத் தாங்கும். ஆனால் வீரிய ஒட்டு. அதன் விதையிலிருந்து அதே செடி வராது. கோடையில் வெள்ளை ஈ பெருகி இலைச்சுருட்டைப் பரப்பும் என்பதால், எங்கள் மாடியில் பங்குனி, சித்திரையில் தக்காளிக்கு இடமில்லை.

கோடையின் கணக்கைத் தண்ணீர்தான் எழுதுகிறது. கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் குளுகுளுவென்று இருந்த ஊர் 2016 ஏப்ரலில் 39.2 டிகிரியைத் தொட்டது. 2024 மார்ச்சில் ஆழ்துளைக் கிணறுகள் வற்றியபோது, குடிநீரைச் செடிக்கு ஊற்றினால் 5,000 ரூபாய் அபராதம் என்று குடிநீர் வாரியம் அறிவித்தது. காவிரி நீர் ஏறக்குறைய 100 கிலோமீட்டர் தூரத்திலிருந்து மேடேறி வருகிறது. அதைப் பூசணிக்கு ஊற்றுவது நியாயமில்லை என்பது சரிதான். அந்த வருஷத்திலிருந்து அரிசி களைந்த நீர், காய் கழுவிய நீர், குடிநீர் வடிகட்டி வெளியே தள்ளும் நீர் எல்லாவற்றுக்கும் ஒரு வாளி. வடிகட்டி நீரில் உப்பு அதிகம், ஒன்றுவிட்டு ஒருநாள்தான் ஊற்றலாம்.

ஆகவே பயிரும் அதற்கேற்ப. நூல்கோல் இருந்த பைகளில் கொத்தவரை. வெயில் அடித்தால் அதற்குக் குஷி, தண்ணீரும் குறைவு. மேற்குச் சுவரோரம் பீர்க்கும் புடலையும் ஏறினால், பந்தல் நிழலில் தண்டுக்கீரையும் பசலையும் பிழைத்துக்கொள்ளும். நிழல்வலைக்குச் செலவழிக்க வேண்டாம். பசலையைப் பற்றி வீட்டில் இரண்டு கட்சி. வழவழப்பு பிடிக்காதவர்கள் தோற்றுவிட்டார்கள்.

வெண்டையில்தான் சிக்கல். பூ உதிர்ந்து ஐந்தாறு நாளில் காய் தயார். ஒன்றுவிட்டு ஒருநாள் பறித்தாக வேண்டும், விட்டால் கட்டை. முற்றிய காயைச் செடியில் விட்டால் அடுத்த பூவும் மட்டுப்படும். மே மாதம் பத்து நாள் நாங்கள் ஊரில் இருக்கப் போவதில்லை. எதிர்வீட்டில் கேட்டாயிற்று, பறித்துக்கொள்ளச் சம்மதம், காய் முழுக்க அவர்களுக்கே. மாமியாருக்குக் கவலை வேறு. பிஞ்சிலேயே பறித்துவிடுவார்களே என்று, ஒரு சாயங்காலம் அவர்களை மாடிக்கு வரச்சொல்லியிருக்கிறார்.