புகார் கொடுப்பவருக்கு மட்டும் கடிகாரம்

வங்கியில் கேஷியர் கூண்டுக்கு மேலே ஒரு போர்டு தொங்கும். 'பணத்தைக் கவுன்ட்டரிலேயே எண்ணிச் சரிபார்த்துக் கொள்ளவும். பிறகு வரும் புகார்கள் ஏற்கப்பட மாட்டா.' நம்மில் பாதிப் பேர் எண்ணுவதில்லை. பின்னால் க்யூவில் நிற்கிறவர் முறைப்பாரே என்று கூச்சம். வீட்டுக்கு வந்து எண்ணும்போது ஒரு நோட்டு குறைந்தால், 'சரி, நம்ம தலையெழுத்து' என்று விட்டுவிடுவோம்.

ஒரு ஐந்நூறு ரூபாய் நோட்டு என்றால் போகட்டும். ஒரு தொகுதியின் ஐந்து வருடம் குறைந்து போனால்?

ஒவ்வொரு தேர்தலிலும் முடிவு வந்த மறுநாளே நாம் 'மெஷினில் மோசடியா, இல்லையா?' என்று பட்டிமன்றம் ஆரம்பித்துவிடுகிறோம். தோற்ற கட்சி மோசடி என்கிறது. ஜெயித்த கட்சி, 'ஆடத் தெரியாதவள் தெருக்கோணல் என்றாளாம்' என்கிறது. அடுத்த தேர்தலில் இருவரும் இடம் மாறி அதே வசனத்தைப் பேசுகிறார்கள். இந்தச் சத்தத்தில் இதைவிட எளிமையான, இதைவிட முக்கியமான ஒரு கேள்வி காணாமல் போய்விடுகிறது. எண்ணியதில் தப்பு நடந்துவிட்டது என்று ஒருவர் உண்மையாகவே நினைத்தால், அவர் எங்கே போவது? எத்தனை நாளில் பதில் கிடைக்கும்?

சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். கடைசிச் சுற்று முடிந்து மொத்த ஓட்டு விவரத்தைத் தேர்தல் நடத்தும் அதிகாரி அறிவித்ததும், மறு எண்ணிக்கை வேண்டும் என்று வேட்பாளர் எழுதிக் கொடுக்கலாம். ஏற்பதும் மறுப்பதும் அதிகாரியின் கையில். மறுத்தால் காரணத்தை எழுதித் தர வேண்டும். ஆனால், இறுதி முடிவுத் தாளில் அவர் கையெழுத்துப் போட்டுவிட்டால் கதை முடிந்தது. வெளியே பட்டாசு வெடிக்கிறது, உள்ளே தொண்டர்கள் தள்ளுகிறார்கள். அந்தச் சில நிமிடங்களில் தோற்றவர் கணக்கைப் பார்த்து, சந்தேகத்தை உறுதி செய்துகொண்டு, எழுதியும் கொடுத்துவிட வேண்டும்.

அது முடியவில்லை என்றால் உயர் நீதிமன்றம். 1951ஆம் வருட மக்கள் பிரதிநிதித்துவச் சட்டப்படி, முடிவு வந்த 45 நாளுக்குள் தேர்தல் வழக்குப் போட வேண்டும். 46ஆம் நாள் போனால் கதவு மூடியிருக்கும். சரி, கெடு இருக்க வேண்டியதுதான். ஆனால், அதே சட்டம் விசாரணை பற்றிப் பேசும்போது குரலைத் தாழ்த்திக் கொள்கிறது. ஆறு மாதத்துக்குள் முடிக்க 'முயற்சி செய்ய வேண்டும்' என்கிறது.

முயற்சி! இந்த ஒரு வார்த்தையில்தான் எல்லாக் கோளாறும் இருக்கிறது. புகார் கொடுப்பவருக்குக் கடிகாரம் உண்டு. அந்தப் புகாரைத் தீர்ப்பவருக்குக் கிடையாது.

நம் ஊர் உதாரணம் ராதாபுரம். 2016 சட்டமன்றத் தேர்தலில் அ.தி.மு.க.வின் இன்பதுரை வெறும் 49 ஓட்டில் ஜெயித்ததாக அறிவித்தார்கள். தோற்றவர் தி.மு.க.வின் அப்பாவு. அவருடைய முக்கியமான புகார், 203 தபால் ஓட்டுகளைச் செல்லாது என்று ஒதுக்கியது பற்றியது. அந்த ஓட்டுகளோடு வந்த படிவங்களில் சான்றொப்பமிட்டவர்கள் பள்ளித் தலைமை ஆசிரியர்கள். அவர்கள் கெஜட்டட் அதிகாரிகள் அல்ல என்பது காரணம். தபால் ஓட்டுப் போடுகிறவர்கள் யார்? தேர்தல் வேலை பார்க்கப் போன அரசு ஊழியர்கள், ஆசிரியர்கள். தேர்தலை நடத்திக் கொடுத்தவர்களின் ஓட்டையே தேர்தல் எண்ணவில்லை!

வித்தியாசம் 49. ஒதுக்கியது 203. இதில் பிரச்னை இருக்கிறது என்று புரிந்துகொள்ள சட்டப் படிப்பு தேவையில்லை, ஐந்தாம் வகுப்புக் கணக்குப் போதும். ஆனால், சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது 2019 அக்டோபர் 1ஆம் தேதி. மூன்று வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. அந்தத் தபால் ஓட்டுகளையும், கடைசி மூன்று சுற்றுகளின் இயந்திர ஓட்டுகளையும் மறுபடி எண்ணச் சொன்னது. அக்டோபர் 4ஆம் தேதி உயர் நீதிமன்ற வளாகத்திலேயே எண்ணினார்கள். எண்ணி முடிக்க ஒரே நாள்தான் ஆனது.

முடிவு? அதே நாளில், முடிவை வெளியிட உச்ச நீதிமன்றம் தடை போட்டது. அந்தச் சட்டமன்றம் ஆயுளை முடித்துக்கொண்டு 2021ல் கலையும் வரை தடை விலகவில்லை. 2021 தேர்தலில் அப்பாவு அதே தொகுதியில் ஜெயித்து, சபாநாயகராகவும் ஆனார். கட்சிக்காரர்களுக்குக் கணக்குத் தீர்ந்திருக்கலாம். ராதாபுரம் வாக்காளருக்குத் தீரவில்லை. ஐந்து வருடம் சட்டமன்றத்தில் தங்களுக்காக உட்கார்ந்திருக்க வேண்டியவர் யார் என்று அந்த ஐந்து வருடத்துக்குள் அவர்களுக்குச் சொல்லப்படவே இல்லை. இன்பதுரையே நியாயமாக ஜெயித்திருக்கலாம். அப்படியென்றால் அவருக்கும் இது அநியாயம்தான். ஐந்து வருடமும் சந்தேகத்தின் நிழலிலேயே அவர் எம்.எல்.ஏ.வாக இருந்திருக்கிறார்.

தமிழ்நாட்டில் மட்டும்தான் இந்த லட்சணம் என்று நினைக்க வேண்டாம். ஹரியானாவில் பானிப்பட் மாவட்டத்தில் புவானா லாகு என்று ஒரு கிராமம். 2022 நவம்பரில் பஞ்சாயத்துத் தலைவர் தேர்தல். தோற்றதாக அறிவிக்கப்பட்டவர் வழக்குப் போட்டார். ஒரு பூத்தில் இரண்டு வேட்பாளர்களின் ஓட்டுகளையும் இடம் மாற்றி எழுதிவிட்டார்கள் என்பது புகார். ஹேக்கிங் கிடையாது, சாட்டிலைட் கிடையாது. மளிகைக் கடை நோட்டில் பக்கத்து வீட்டுக் கணக்கை நம் பெயரில் எழுதுவது போன்ற தப்பு.

அந்த வழக்கு கீழ்க் கோர்ட், ஹைகோர்ட் எல்லாம் ஏறி இறங்கி, கடைசியில் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. நீதிபதிகள் இயந்திரங்களை டெல்லிக்கே கொண்டுவரச் சொன்னார்கள். 2025 ஆகஸ்ட் 6ஆம் தேதி, இரு தரப்பும் பார்த்துக்கொண்டிருக்க, வீடியோ எடுத்தபடி, நீதிமன்ற அதிகாரி முன்னிலையில் எண்ணினார்கள். 'தோற்றவர்' 1,051. 'ஜெயித்தவர்' 1,000. முடிவு தலைகீழ்! ஐந்து நாள் கழித்து உண்மையான தலைவரைப் பதவியில் அமர்த்த உத்தரவு வந்தது.

இதில் இயந்திரம் செய்த தப்பு ஒன்றுமில்லை. சரியான விடையைத் தன் வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு இரண்டே முக்கால் வருடம் பத்திரமாகக் காத்திருந்தது. திறந்து பார்க்கச் சொல்ல ஆள்தான் இல்லை. ஒரு கிராமத்தின் நாலாயிரத்துக்கும் குறைவான ஓட்டை மறுபடி எண்ண நாட்டின் தலைமை நீதிமன்றம் வரை போக வேண்டும் என்றால், வக்கீல் ஃபீஸுக்கு வழியில்லாதவர் என்ன செய்வார்? வங்கி வாசலில் நாம் செய்வதைத்தான் செய்வார்.

வேகமாகச் செய்யவே முடியாதா? முடியும். 2024 ஜனவரி 30ஆம் தேதி சண்டிகர் மேயர் தேர்தல். மொத்த ஓட்டே 36. எட்டு ஓட்டுகளைச் செல்லாது என்று சொல்லி பி.ஜே.பி. வேட்பாளர் ஜெயித்ததாக அறிவித்தார் தேர்தல் அதிகாரி. அவரே சீட்டுகளில் பேனாவால் ஏதோ கிறுக்குவது கேமராவில் பதிவாகிவிட்டது. உச்ச நீதிமன்றம் வீடியோவைப் பார்த்தது, சீட்டுகளையே வரவழைத்துப் பார்த்தது. பிப்ரவரி 20ஆம் தேதி, எட்டும் செல்லும் என்று அறிவித்து, ஆம் ஆத்மி வேட்பாளரை மேயராக்கியது. மூன்றே வாரம்!

ராதாபுரத்துக்கு ஐந்து வருடம் போதவில்லை. சண்டிகருக்கு மூன்று வாரம் போதும். காரணம் ஓட்டு எண்ணிக்கையின் அளவு மட்டுமல்ல. சண்டிகரில் கேமரா இருந்தது, அதன் பதிவு நாடு முழுக்கப் பரவிவிட்டது. யாரும் ஆறப்போட முடியவில்லை.

அந்தக் கேமராவுக்கு அதற்குப் பிறகு என்ன ஆயிற்று தெரியுமா?

2024 டிசம்பரில், ஹரியானா தேர்தலின் வீடியோ பதிவுகளையும் ஆவணங்களையும் கேட்ட ஒரு வக்கீலுக்கு அவற்றைக் கொடுக்கச் சொல்லி பஞ்சாப் - ஹரியானா உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. சில நாட்களிலேயே, டிசம்பர் 20ஆம் தேதி, தேர்தல் கமிஷனின் யோசனைப்படி மத்திய அரசு விதியைத் திருத்திவிட்டது. தேர்தல் தொடர்பான ஆவணங்களைப் பொதுமக்கள் பார்க்கலாம் என்று இருந்ததை, விதிகளில் பெயர் சொல்லியுள்ள ஆவணங்களை மட்டும் பார்க்கலாம் என்று சுருக்கினார்கள். கேமரா பதிவு அந்தப் பட்டியலில் இல்லை. அடுத்து 2025 மே 30ஆம் தேதி கமிஷன் ஒரு கடிதம் அனுப்பியது. 45 நாளுக்குள் தேர்தல் வழக்கு வராவிட்டால் வீடியோ பதிவுகளை அழித்துவிடலாம். போட்டியிடாத ஆட்கள் அவற்றைத் தவறாகப் பயன்படுத்தி வதந்தி பரப்புகிறார்கள் என்பது கமிஷன் சொன்ன காரணம்.

வதந்தி பரப்புகிறார்கள் என்பது உண்மைதான். ஆனால், வதந்திக்கு மருந்து வெளிச்சமா, இருட்டா? இன்னொன்று, தேர்தல் வழக்குப் போடும் உரிமை வேட்பாளருக்கு மட்டுமல்ல, அந்தத் தொகுதியின் எந்த வாக்காளருக்கும் உண்டு என்று அதே 1951 சட்டம் சொல்கிறது. வழக்குப் போட ஆதாரம் வேண்டும். ஆதாரம் கேமராவில் இருக்கிறது. கேமரா பதிவைப் பார்க்க வழக்குப் போட்டிருக்க வேண்டும். கல்யாணமானால்தான் பைத்தியம் தெளியும், பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணமாகும் என்ற பழைய கதைதான்.

கமிஷன் செய்த நல்லதையும் சொல்ல வேண்டும். தபால் ஓட்டுகளை எண்ணி முடிக்காமல், இயந்திர எண்ணிக்கையின் கடைசிக்கு முந்தின சுற்றைத் தொடங்கக்கூடாது என்று 2025 செப்டம்பரில் உத்தரவு போட்டது. ஒவ்வொரு சட்டமன்றத் தொகுதியிலும் ஐந்து பூத்களின் விவிபாட் சீட்டுகளை எண்ணிச் சரிபார்ப்பது 2019 முதல் நடக்கிறது. அதுவும் கமிஷன் தானாகச் செய்ததல்ல, உச்ச நீதிமன்றம் சொல்லி வந்தது. 2024 ஏப்ரலில் அதே நீதிமன்றம், இரண்டாம், மூன்றாம் இடம் வந்த வேட்பாளர்கள் பணம் கட்டி ஐந்து சதவிகித இயந்திரங்களைச் சோதிக்கச் சொல்லிக் கேட்கலாம் என்றது. அதற்குக் கமிஷன் வகுத்த நடைமுறையில், இயந்திரத்தில் புதிதாக ஓட்டுப் போட்டுப் பார்க்கும் ஒத்திகையே பிரதானம். பில் தப்பு என்று போனால், 'கால்குலேட்டர் நன்றாகத்தான் வேலை செய்கிறது பாருங்கள்' என்று வேறு கணக்குப் போட்டுக் காட்டுவது மாதிரி. பதிவான தகவலை அழிக்காதீர்கள் என்று 2025 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் சொல்ல வேண்டியதாயிற்று.

கட்சிகளும் யோக்கியம் இல்லை. ஓட்டுப்பதிவு முடிந்ததும் எந்த இயந்திரத்தில் மொத்தம் எத்தனை ஓட்டு விழுந்தது என்று எழுதிய 17சி படிவத்தின் நகலை ஒவ்வொரு பூத் ஏஜென்ட்டுக்கும் தர வேண்டும். எண்ணிக்கை நாளில் அதை மேஜையில் வைத்துச் சரிபார்ப்பதுதான் தோற்கிறவருக்கு இருக்கும் முதல் பாதுகாப்பு. எத்தனை கட்சிகள் தங்கள் ஏஜென்ட்டுகளுக்கு இதைச் சொல்லித் தருகின்றன? பிரியாணியும் பேட்டாவும் பூத்துக்குப் போகிற அக்கறையில் பாதி இதற்குப் போனால், மெஷின் மீது பழி போட வேண்டிய அவசியம் பாதி குறையும்.

செய்ய வேண்டியது பெரிய விஷயம் இல்லை. 17சி படிவங்களை அன்றிரவே இணையதளத்தில் போடுங்கள். வித்தியாசம் மிகக் குறைவாக இருந்தால், யாரும் கெஞ்சாமலே மறு எண்ணிக்கை நடக்கட்டும். அமெரிக்காவின் ஃப்ளோரிடா மாநிலத்தில் அரை சதவிகிதத்துக்குள் வித்தியாசம் வந்தால் அப்படித்தான் சட்டம். வழக்குகள் தீரும்வரை மட்டுமல்ல, குறைந்தது ஒரு வருடம் வீடியோ பதிவு இருக்கட்டும். தேர்தல் வழக்குகளுக்கென்றே தனி அமர்வு வைத்து, 'முயற்சி செய்ய வேண்டும்' என்பதை 'முடிக்க வேண்டும்' என்று மாற்றுங்கள். மேல்முறையீட்டுக்கும் சேர்த்துத்தான்.

ஜெயித்தவரை நம்ப வைக்க எண்ணிக்கை மையமே தேவையில்லை, அவர் முதல் நாளே நம்பிவிட்டிருப்பார். தோற்றவரையும் அவருக்கு ஓட்டுப் போட்டவர்களையும், 'சரி, நியாயமாகத்தான் தோற்றோம்' என்று வீட்டுக்கு அனுப்புவதற்குத்தான் இத்தனை போலீஸ், இத்தனை சீல், இத்தனை கம்பி வலை.

வங்கி போர்டிலாவது எண்ணிப் பார்க்கச் சொல்கிறார்கள். இங்கே எண்ணுவதும் அவர்களே, போர்டு வைப்பதும் அவர்களே. வரிசையில் நிற்கும் நாம் கூச்சப்படாமல் கேட்கலாம். பணம் நம்முடையது.