காற்றை அளந்தால் போதுமா?

2023 டிசம்பர் 26ஆம் நாள் நள்ளிரவை ஒட்டி, எண்ணூர் பெரியகுப்பத்தருகே கடலடிக் குழாய் ஒன்றிலிருந்து அம்மோனியா கசிந்தது. கோரமண்டல் இன்டர்நேஷனல் உரத் தொழிற்சாலைக்குக் கப்பலிலிருந்து அம்மோனியாவைக் கொண்டுவரும் குழாய் அது. உறங்கிக் கொண்டிருந்த மக்கள் கண்ணெரிச்சலும் மூச்சுத் திணறலுமாக எழுந்து வீட்டைவிட்டு ஓடினர். ஐம்பதுக்கு மேற்பட்டோர் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டனர். இரவு 12.45 மணிக்குத் தொழிற்சாலை வாயிலருகே ஒரு கன மீட்டர் காற்றில் 2,090 மைக்ரோகிராம் அம்மோனியா இருந்தது என்றும், அதற்குரிய வரம்பு 400 மைக்ரோகிராம் என்றும் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தெரிவித்தது.

இந்த இரண்டு எண்களையும் ஒரு பௌதிக மாணவன் பார்த்தால் என்ன கேட்பான்? முதலில், 400 என்பது 24 மணி நேரச் சராசரிக்கான வரம்பு. 2,090 என்பதோ ஒரு வேளையில் எடுத்த அளவு. ஒரு கணத்தில் பேருந்து ஓடிய வேகத்தை, அதன் நாள் முழுவதுக்குமான சராசரி வேகத்தோடு ஒப்பிடுவது போன்றது இது. 'ஐந்து மடங்கு' என்று வகுத்துச் சொல்லிவிடுவது எளிது. அதற்குப் பொருள் குறைவு.

இரண்டாவது கேள்வி இன்னும் முக்கியமானது. 2,090 மைக்ரோகிராம் என்பதைக் கன அளவில் மாற்றினால், பத்து லட்சம் பங்கு காற்றில் ஏறத்தாழ 3 பங்கு அம்மோனியா என்று வரும். அப்போது நடப்பிலிருந்த தொழிற்சாலைச் சட்டமோ தொழிலாளர் 8 மணி நேரம் வேலை செய்யும் இடத்தில் பத்து லட்சத்துக்கு 25 பங்கு வரை அனுமதித்தது. அப்படியானால் வெறும் 3 பங்கினால் மக்கள் மூச்சு முட்டி ஓடியது ஏன்?

இதற்கு இரண்டு விடைகள் இருக்கலாம். கடற்கரைக் குப்பத்தில், அளவு எடுப்பதற்கு முன்பு, வாயு இதைவிடப் பல மடங்கு அடர்த்தியாக வந்திருக்கலாம். அல்லது, சிறிதளவு வாயுவுக்கே சுருங்கிக் கொள்ளும் மூச்சுக்குழல் உடையவர்கள் அங்கே பலர் இருந்திருக்கலாம். இரண்டும் ஒருங்கே நடந்திருக்கவும் கூடும். விளைவு ஒன்று, அறியாதவை இரண்டு. ஒரே சமன்பாட்டை வைத்துக்கொண்டு இரண்டையும் கண்டுபிடிக்க இயலாது. இரண்டாவது சமன்பாடு காற்றில் இல்லை, மக்களின் மூச்சுக்குழலில் இருக்கிறது. நம் அளவீட்டு முறையில் உள்ள பெருங்குறை இதுதான்: மணலியிலும் இராயபுரத்திலும் காற்றைத் தொடர்ந்து அளக்க நிலையங்கள் வைத்திருக்கிறோம், மூச்சை ஒரு நாள் முகாமில் ஒரு தடவை பார்த்தால் போதும் என்று இருக்கிறோம்.

கூருணர்வு என்பது என்ன?

ஆஸ்துமாவை வடசென்னையில் சிலர் இழுப்பு என்பார்கள், சிலர் வீசிங் என்பார்கள். புகை, குளிர்ந்த காற்று, தூசி ஆகியவை பிறருக்கு ஒரு இருமலோடு போய்விடும். ஆஸ்துமா உள்ளவரின் மூச்சுக்குழலைச் சுற்றியுள்ள தசையோ அதற்கே இறுகிவிடும். இதையே மூச்சுக்குழல் கூருணர்வு என்கிறோம். குழாயில் சீராக ஓடும் பாய்மத்துக்குரிய புவாசேய் விதிப்படி, ஆரம் பாதியானால் ஓட்டத்துக்கான தடை 16 மடங்காகும். கிளைவிட்டுப் பிரியும் மூச்சுக்குழலுக்கு இவ்விதி அப்படியே பொருந்தாது. என்றாலும், சிறு சுருக்கமே பெருந்திணறலாவது ஏன் என்பதை இது விளக்கும்.

இந்தக் கூருணர்வை அளக்க ஒரு சோதனை உண்டு. தசையை இறுக்கும் மெத்தகோலின் என்னும் மருந்தை மிக நீர்த்த கரைசலில் தொடங்கிப் படிப்படியாகச் செறிவைக் கூட்டி, பனித்திவலையாக உள்ளிழுக்கச் செய்வார்கள். ஒவ்வொரு படிக்குப் பின்னும், பலமாக ஊதும்போது முதல் நொடியில் வெளியேறும் காற்றின் அளவைக் குறிப்பார்கள். எந்தச் செறிவில் அது 20 சதவீதம் குறைகிறதோ, அதுவே அவருடைய கூருணர்வின் அளவு. ஒரு மில்லி லிட்டருக்கு 16 மில்லி கிராம் வரை கொடுத்தும் குறையாவிட்டால் இயல்பு என்றும், 1 மில்லி கிராமுக்குள்ளேயே குறைந்துவிட்டால் கூருணர்வு மிகுதி என்றும் கொள்வர். மருத்துவரும் மாற்று மருந்தும் அருகில் இருக்கும் மருத்துவமனையில் மட்டுமே இதைச் செய்யலாம். ஏற்கெனவே மூச்சளவு மிகவும் குறைந்தவர்களுக்குச் செய்யலாகாது.

ஒரு தடவை ஏன் போதாது?

எந்தக் கருவிக்கும் பிழை வரம்பு உண்டு என்று ஆய்வுக்கூடத்தில் முதல் நாளே சொல்லித் தருகிறோம். மெத்தகோலின் சோதனையின் பிழை வரம்பு ஏறத்தாழ ஓர் இரட்டிப்பு. சென்ற மாதம் 2 மில்லி கிராமில் சுருங்கியவர் இந்த மாதம் 4இல் சுருங்கினால், குணம் கண்டுவிட்டது என்று மகிழ்வதற்கில்லை. 2 என்பது 16 ஆனால் மூன்று இரட்டிப்பு. அதை மெய்யான மாற்றம் என்று நம்பலாம்.

அன்றியும், கூருணர்வு ஒருவரோடு பிறந்து மாறாமல் நிற்கும் குணமன்று. ஒவ்வாப் பொருளை உள்ளிழுத்தபின் அது பல நாட்களுக்கு உயர்ந்து நிற்பதை 1977இல் கனடாவில் காக்ராஃப்ட் குழுவினர் காட்டினர். சாதாரணச் சளி பிடித்தாலும் சில வாரங்களுக்கு உயரும். 1982இல் லண்டனில், வீட்டுத்தூசி உண்ணி ஒவ்வாத நோயாளிகளை இரண்டு மாதங்களுக்கு மேல் தூசியற்ற மருத்துவமனை அறைகளில் தங்கவைத்தபோது, பலருக்கு அது வெகுவாகத் தணிந்தது. ஆகவே விபத்துக்குப் பின் ஒரே ஒரு முறை சோதித்து 'வாயுதான் காரணம்' என்று சொன்னாலும் தவறு. 'வாயு காரணமன்று' என்று சொன்னாலும் தவறு.

1985இல் அமெரிக்க மருத்துவர் புரூக்ஸும் அவருடைய குழுவினரும், அதற்குமுன் மூச்சு நோய் இல்லாத 10 பேரைப் பற்றி எழுதினர். எரிச்சலூட்டும் வாயுவையோ புகையையோ ஒருமுறை மிகுதியாக உள்ளிழுத்த பிறகு, அவர்களுக்கு ஆஸ்துமா போன்ற நோய் தோன்றி நீடித்தது. ஒரு நாளுக்குள் தொடங்கியதா, மூன்று மாதமாவது நீடித்ததா, கூருணர்வுச் சோதனை அதை உறுதிசெய்ததா என்பவை இந்நோயை அறியும் விதிகள். மூன்று மாதம் என்ற சொல்லைக் கவனியுங்கள். உயிர்வளி கொடுத்து மறுநாள் வீட்டுக்கு அனுப்பியவரை மூன்றாம் மாதம் மீண்டும் அழைத்துப் பார்த்தால்தான் இக்கேள்விக்கு விடை கிடைக்கும்.

எளிய கருவி ஒன்று

எல்லோருக்கும் மெத்தகோலின் சோதனை செய்வது நடவாது. அதற்குக் கைக்கு அடக்கமான பீக் ஃப்ளோ மீட்டர் இருக்கிறது. 1959இல் ரைட் என்பவர் வெளியிட்ட கருவியின் வழிவந்தது இது. பலமாக ஒரு மூச்சு ஊதினால், காற்று பாய்ந்த உச்ச வேகத்தை முள் காட்டும். மருந்துக் கடையிலேயே வாங்கலாம், மின்சாரம் வேண்டாம்.

ஒரு கற்பனை உதாரணம் பார்ப்போம். ஒருவர் காலையில் நிமிடத்துக்கு 320 லிட்டரும் மாலையில் 400 லிட்டரும் ஊதுகிறார். மற்றவர் காலையில் 300, மாலையில் 310. மாலை முகாமுக்கு இருவரும் வந்தால், முதலாமவரே நலமானவர் என்று எழுதி அனுப்புவோம். ஆனால் அவருக்கு ஒரே நாளில் உள்ள வேறுபாடு 80, சராசரி 360. ஆகவே ஏற்ற இறக்கம் 22 சதவீதம். மற்றவருக்கு வெறும் 3 சதவீதம். இரண்டு வாரம் இப்படிக் குறித்துச் சராசரி பார்த்து, பெரியவர்களுக்கு 10 சதவீதத்துக்கு மேல் வந்தால் ஆஸ்துமாவை ஐயுற வேண்டும் என்பது இன்றைய விதி. முகாம் பார்த்தது ஒரு புள்ளி. நோய் இருந்ததோ வளைகோட்டில்.

வேலையிடத்தால் வரும் ஆஸ்துமாவுக்கும் இதே வழிதான். நாளொன்றுக்கு நான்கு முறை, சில வாரங்களுக்கு, வேலை நாளிலும் விடுமுறை நாளிலும் ஊதிக் குறித்தால், விடுமுறையில் ஏறி வேலை நாளில் இறங்கும் கோடு தானே சாட்சி சொல்லும். துறைமுகச் சுமை வேலையிலும் மணலி ஆலைகளிலும் இருப்போருக்கு இதைவிடச் செலவு குறைந்த சாட்சியம் ஏது?

இதிலும் கவனம் வேண்டும். மூன்று முறை ஊதி உயர்ந்ததைக் குறிக்க வேண்டும். கருவியை மாற்றக் கூடாது. பழைய ரைட் அளவுகோல் சரியாக இல்லை என்று பிரிட்டனில் 2004இல் அதையே மாற்றினார்கள். மறந்த நாளைக் கற்பனையால் நிரப்பக் கூடாது. புகைப் பழக்கம், விறகடுப்பு, கொசுவத்தி, அண்மையில் பிடித்த சளி ஆகியவற்றையும் பக்கத்திலேயே எழுத வேண்டும். இல்லையேல், பழியை வேண்டிய இடத்தில் சுமத்தலாம் என்றாகிவிடும்.

மறுப்பும் விடையும்

கூருணர்வைத் திரும்பத் திரும்ப அளப்பதால் நோயாளிக்கு நன்மை உண்டா என்று கேட்கலாம். நெதர்லாந்தில் 75 பேரை இரண்டு ஆண்டு தொடர்ந்து பார்த்து 1999இல் வெளியான ஆய்வில், கூருணர்வைக் கண்டு மருந்தைக் கூட்டிக் குறைத்தவர்களுக்கு லேசான இழுப்புகள் குறைந்தன. அந்நாட்டிலேயே குழந்தைகளிடம் செய்து 2007இல் வெளியான ஆய்வில், தொல்லையற்ற நாட்கள் கூடவில்லை. ஆகவே ஒவ்வொரு நோயாளிக்கும் இது கட்டாயம் என்று நான் வாதிடவில்லை. என் வாதம் வேறு: ஓர் ஊருக்கு என்ன நேர்ந்தது என்று தீர்ப்புச் சொல்ல வேண்டுமானால், அவ்வூர் மக்களின் பழைய அளவு நம் கையில் இருக்க வேண்டும்.

2011இல் நீதிமன்ற ஆணையை அடுத்துச் சென்னைத் துறைமுகத்தின் நிலக்கரி எண்ணூருக்கு மாறியது. இராயபுரத்தில் கரித்தூசி குறைவதும் எண்ணூரில் கூடுவதும் ஒரே நேரத்தில் நிகழ்ந்த இயற்கைச் சோதனை அது. அத்தகைய தருணத்தில் இரு ஊரிலும் நூறு நூறு பேர் முன்னும் பின்னும் ஊதிக் குறித்திருந்தால், அக்கணக்கு எத்தனை விவாதங்களைத் தீர்த்து வைக்கும்!

மீனவக் குப்பத்தில் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு கருவியும் ஒரு நோட்டுப் புத்தகமும் இருக்கட்டும். அவ்வூர்களின் பள்ளி, கல்லூரி மாணவர்கள் அவற்றைக் கோட்டுப்படத் தாளில் வரைந்து பழகட்டும். அடுத்த விபத்து நேரக் கூடாது. நேர்ந்தால், தொழிற்சாலை வாயிலில் எடுத்த ஒற்றை எண்ணோடு வழக்கு முடிந்துவிடவும் கூடாது.