அக்காளின் உள்ளங்கை

'பிரிட்ஜர்டன்' தொடரின் இரண்டாம் பருவத்தில் நான் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்ப்பது நடனக் காட்சிகளை அல்ல. அக்காள் தங்கைக்கு எண்ணெய் தேய்த்துவிடும் காட்சியை. கதை நடப்பது 1814ஆம் ஆண்டு லண்டனில். கேட் சர்மா, தங்கை எட்வினாவின் கூந்தலுக்குள் விரல்களை விட்டு மெல்ல அழுத்தித் தேய்க்கிறாள். பேச்செல்லாம் வரப்போகிற மாப்பிள்ளையைப் பற்றி. கை மட்டும் தன்பாட்டுக்குத் தலையில் ஓடிக்கொண்டிருக்கிறது. 'இது எங்கள் ஊர் வழக்கம்' என்று ஒருவரும் வாய்திறந்து சொல்வதில்லை. நயமே அந்தச் சொல்லாமையில்தான் இருக்கிறது.

ஜூலியா க்வின் 2000இல் எழுதிய மூலநாவலில் இவள் கேட் ஷெஃபீல்ட், ஆங்கிலேயப் பெண். 2022இல் திரைக்கு வந்தபோது சர்மா ஆனாள். பெயரை மாற்றுவது ஒரு நாள் வேலை. தாயில்லாமல் வளர்ந்து, சிற்றன்னையின் மகளைத் தன் மகளைப் போல ஆளாக்கிய மூத்தவளின் விரல் எப்படி அசையும் என்று காட்டுவது அப்படியல்ல. கேட்டாக வரும் சிமோன் ஆஷ்லி, எட்வினாவாக வரும் சரித்ரா சந்திரன் இருவருமே தமிழ்க் குடும்பத்துப் பெண்கள். இறந்த தந்தையைக் கேட் 'அப்பா' என்று சொல்லும்போது அந்தச் சொல் கொஞ்சமும் இடறாமல் விழுகிறது.

குறையும் உண்டு. சர்மா என்ற பெயர், 'அப்பா', 'தீதீ', வங்காளத்து 'போன்' எல்லாம் ஒரே வீட்டில் புழங்குகின்றன. இந்தியா முழுவதையும் ஒரு கூரைக்குள் அடைத்த அவசரம் அது. ஆங்கிலேயரின் தேநீர் பிடிக்காமல் கேட் தன் கோப்பையில் மசாலா சேர்ப்பது பார்க்க அழகு. ஆனால் அசாமில் தேயிலைத் தோட்டங்கள் வந்ததே 1830களில்தான்.

இதையெல்லாம் மன்னிக்க வைப்பது கேட்டின் நிறம். கறுத்த பெண் நாயகிக்குத் தோழியாக வந்து போவதைப் பார்த்தே பழகிய கண் நமக்கு. இங்கே அவள்தான் நாயகி. அவளை வெளுத்துக் காட்ட ஒளியும் பாடுபடவில்லை, உடையும் பாடுபடவில்லை. மயில்கழுத்து நீலமும் கத்தரிப்பூ நிறமும் அவள் தோலோடு சேர்ந்து மின்னுகின்றன. வயது 26, கல்யாண வயது கடந்துவிட்டது என்பது ஊரின் முடிவு. அவளோ விடிகாலையில், பெண்களுக்கு விதித்தபடி ஒருபக்கமாக உட்காராமல், இருபுறமும் கால்போட்டுக் குதிரையை விரட்டுகிறாள்.

பிறகு மஞ்சள் பூசும் சடங்கு, நம் நலங்கைப் போல. 'கபி குஷி கபி கம்' பாட்டின் மெட்டு நரம்புக் கருவிகளில் இழைய, மணப்பெண் எட்வினா அக்காளுக்கும் கொஞ்சம் பூசிவிடுகிறாள். அக்காளின் மனத்தில் இருப்பதும் அதே மாப்பிள்ளைதான் என்பது தங்கைக்குத் தெரியாது. மஞ்சள் பட்ட கேட்டின் முகத்தில் ஒரு கணம் ஏதோ சுருங்கி மறைகிறது. சிமோன் அதை அழுகையாக்கவில்லை.

திருமண மேடையில் கேட்டின் வளையல் ஒன்று கழன்று விழுகிறது. மாப்பிள்ளை குனிந்து எடுக்கிறான். எட்வினா வளையலைப் பார்க்கவில்லை. அதை எடுத்தவன் முகத்தைப் பார்க்கிறாள், பிறகு அக்காள் முகத்தை. வளையல் கழன்றது, அவள் தலையில் எண்ணெய் தேய்த்த கையிலிருந்து.