சுரங்களுக்கிடையே வெளி: இசையேட்டுக் கணினியாக்கம் பற்றிய ஒரு நோக்கு

மேலைத்தேய இசையேட்டில் ஒரு சுரத்தின் உயரத்தை அது ஐந்து கோடுகளிடையே நிற்கும் இடம் சுட்டும். அதன் கால அளவைத் தலையும் தண்டும் கொடியும் சுட்டும். ஒரு சுரத்திற்கும் அடுத்த சுரத்திற்குமிடையே விடப்படும் கிடைவெளியைச் சுட்ட எக்குறியுமில்லை. ஆயினும், முன்னறியாத ஏடொன்றைக் கண்டவுடன் வாசிக்கும் கலைஞரின் கண், கொடிகளை எண்ணுவதன் முன்பே இடைவெளிகளைப் பற்றிக்கொள்கின்றது. நெருக்கம் விரைவாகவும் அகலம் நிதானமாகவும் அவருக்குப் புலப்படும். ஆகவே கிடைவெளியைத் தாளத்தின் இன்னோர் எழுத்தென்றே கொள்ளல் வேண்டும். இசையேடு ஆக்கும் மென்பொருள்கள் இவ்வெழுத்தை எவ்வளவு தூரம் விளங்கிக்கொண்டுள்ளன என்பதே இங்கு எழும் வினா.

காலம் இரட்டித்தால் வெளியும் இரட்டிக்க வேண்டும் என எண்ணுவது இயல்பே. அவ்வாறு செய்யின் முழுச் சுரமொன்று மாகாணிச் சுரத்தைப்போற் பதினாறு மடங்கு இடம் கொள்ளும், பக்கம் பாழாகும். நமது எழுத்திலும் மாத்திரைக்கும் அகலத்திற்கும் நேர்ப்பொருத்தமில்லை: ஒரு மாத்திரையுடைய ‘கொ’ மூன்று வடிவுகளாய்ப் பரந்து நிற்க, இரு மாத்திரையுடைய ‘கீ’ ஒற்றை வடிவில் அடங்கிவிடுகின்றது. இசையேட்டு மரபு இவ்விரு எல்லைகளுக்கும் நடுவே ஒரு வழி கண்டது. காலம் கூடக்கூட வெளியும் கூடும். ஆனாற் குறைந்த விகிதத்திற் கூடும். டொரிக்கோ என்னும் மென்பொருள் இயல்பாகக் கொள்ளும் விகிதம் ஏறத்தாழ 1.41, அதாவது இரண்டின் வர்க்கமூலம். அடுத்தடுத்த இரு கோடுகளுக்கிடைப்பட்ட தூரத்தை ஓரலகாகக் கொண்டு, கால் சுரத்துக்கு 4 அலகு எனின் அரைச் சுரத்துக்கு 5.6, முழுச் சுரத்துக்கு 8, அரைக்கால் சுரத்துக்கு 2.8, மாகாணிக்கு 2 எனக் கணக்கு விரியும். பினாலே என்னும் மென்பொருளோ பிபொனாச்சி எண்வரிசையைத் தழுவிய அட்டவணையொன்றையும் அளித்தது; அங்கே விகிதம் 1.6 அளவில் நிற்கும். விகிதம் உயர உயரத் தாள வேறுபாடு கண்ணுக்குத் துலங்கும். தாளும் கூடச் செலவாகும்.

இவ்வறிவு கணினியோடு பிறந்ததன்று. லைப்சிக் போன்ற நகரங்களில் ஈயமும் வெள்ளீயமும் கலந்த தகட்டில், கண்ணாடி விம்பம்போல் இடம் வலம் மாற்றி, உருக்கு முத்திரைகளைச் சுத்தியலால் அடித்துச் சுரங்களைப் பதித்த செதுக்குநர்கள், முதல் அடி விழுமுன்னரே வரி முழுவதையும் அளந்து குறித்துக்கொண்டனர். பிழை நேர்ந்தால் தகட்டின் பின்புறத்தைத் தட்டிச் சமன்செய்தல் வேண்டும். பட்டறைக்குள்ளே கைமாறிவந்த இத்தொழிலறிவை எழுத்துக்குக் கொணர்ந்தவற்றுள் ரெட் றொஸ் 1970 இலும், எலெயின் கூல்ட் 2011 இலும் வெளியிட்ட நூல்கள் குறிப்பிடத்தக்கன.

அது கணினிக்குட் புகுந்த விதமே நமது கவனத்துக்குரியது. 1987 இல் ஓஹியோ அரச பல்கலைக்கழகத்தின் ஜோன் கோர்லே, சுரங்களிடையே சுருள்விற்கள் இருப்பனவாகப் பாவனை செய்து ஒரு முறையை முன்வைத்தார். வரியைப் பக்க அகலத்துக்கு இழுக்கும்போது ஒவ்வொரு வில்லும் தன் நெகிழ்வுக்கேற்ப நீளும். அழகான கற்பனைதான். ஆனாற் சுரத்தின் தலையும், ஷார்ப், ஃபிளாட் முதலாய குறிகளும் சுருங்குவன அல்ல. வரி நெருங்கும்போது வில் தோற்றுக் குறியின் பருமனே வெளியைத் தீர்மானிக்கின்றது. நான்கு மாகாணிச் சுரங்கள் கொண்ட குழுவொன்றில் மூன்றாவதன் முன் ஒரு ஷார்ப் வருகின்றதென்க. நிரல் அதற்கு இடம் விடுவதற்காக மூன்றாம் சுரத்தை அப்பால் தள்ளும். முதலிரண்டும் நெருங்கியபடியே நிற்கும். நான்கு சம அடிகளாகக் கேட்க வேண்டியது இரண்டிரண்டாகப் பிளந்த தோற்றம் கொள்ளும். எந்த விதியும் மீறப்படவில்லை. வாசிப்பு மட்டும் பிழைத்துவிட்டது. தேர்ந்த செதுக்குநர் நான்கினையும் சிறிது அகற்றிச் சமன்செய்வார், அல்லது அயலிலுள்ள நீண்ட சுரத்திடம் இடம் கடன்வாங்குவார். ஷார்ப்புக்கும் தாளத்துக்கும் தொடர்பில்லை என்பது அவருக்குத் தெரியும், வில்லுக்குத் தெரியாது. பாடல்களில் நிலைமை இன்னும் மோசம். ஜெர்மன் மொழியின் மெய்யடுக்குகள் கொண்ட ஓரசை குறுகிய சுரமொன்றின் கீழ் வந்தால், அச்சுரம் நெட்டுயிர்ப்புப் பெற்றதுபோல் அகன்றுவிடும்.

இக்குறையை வெளிப்படையாகப் பேசியோர் 1996 இல் லிலிபொண்ட் என்னும் இலவச மென்பொருளைத் தொடக்கிய நெதர்லாந்தினர் இருவர். பாஹ்கின் செலோ தொகுதியொன்றின் 1950 ஆம் ஆண்டுக் கைச்செதுக்கலையும் 2000 ஆம் ஆண்டுக் கணினிப் பதிப்பையும் அருகருகே வைத்து, பின்னையதன் இயந்திரத்தன்மையை அவர்கள் எடுத்துக்காட்டினர். மேல்நோக்கிய தண்டு தலையின் வலப்பக்கத்திலும் கீழ்நோக்கியது இடப்பக்கத்திலும் நிற்பதால், மேல் தண்டை அடுத்துக் கீழ் தண்டு வரின் இரு தண்டுகளும் அண்மித்துத் தோன்றும். முறை மாறின் அகன்று தோன்றும். தலைகளிடையே தூரம் ஒன்றேயாயினும் கண் அதனை நம்பாது. ஆதலின் முன்னதைச் சற்று அகற்றியும் பின்னதைச் சற்று நெருக்கியும் அமைக்குமாறு தம் நிரலை அவர்கள் இயற்றினர். இது மிகச் சிறந்த அவதானிப்பு. ஆனாற் கண்ணின் மயக்கத்தையெல்லாம் விதியாக்கிவிட்டால் மனிதக் கைக்கு வேலை எஞ்சாது என்ற நம்பிக்கை இம்முயற்சியின் அடியில் ஓடுகின்றதாகவே எனக்குப் படுகின்றது. அதனை ஏற்பதற்கில்லை. இசைச் சொற்றொடர் எங்கே மூச்செடுக்கின்றது, எந்த இடத்தில் ஏட்டைப் புரட்ட வேண்டும் என்பன இசையின் பொருளை அறிந்தார்க்கே புலனாவன.

2016 இல் வெளிவந்த டொரிக்கோ, எழுதுவதற்கு ஒரு தளமும் செதுக்குவதற்கு வேறொரு தளமுமாகப் பணியைப் பிரித்து வைத்தது. இயற்றுபவனும் செதுக்குபவனும் வெவ்வேறு ஆட்களாயிருந்த பழைய தொழிற் பிரிவினை ஒருவனுக்குள்ளேயே இவ்வாறு மீளமைக்கப்பட்டமை சுவையானது. நடைமுறையில் இதனால் நன்மையுமுண்டு: வரிகள் எங்கே முறியும் என்பது முடிவாகுமுன் சுரங்களை ஒவ்வொன்றாக நகர்த்துவோரின் உழைப்பு, பின்னர் ஓர் அளவை அடுத்த வரிக்குச் செல்லுந்தோறும் வீணாகும். விகிதத்தை முதலில், வரி முறிவை அடுத்து, தனிச் சுரங்களை இறுதியில் எனத் தொடர்வதே அறிவுடைமை.

அவ்வாறு பொறுமையாகச் செய்த திருத்தங்களுக்கு என்ன நேர்கின்றது? 1988 இல் வெளிவந்த பினாலேயை இனி விருத்தி செய்வதில்லையென அதன் உரிமை நிறுவனமான மேக்மியூசிக் 2024 ஓகஸ்ட் 26 இல் அறிவித்தது. முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக அதில் ஆக்கப்பட்ட ஏடுகளை வேறு மென்பொருளுக்கு மாற்ற மியூசிக்எக்ஸ்எம்எல் என்னும் பொது வடிவம் உதவுகின்றது. சுரத்தின் உயரம் தப்பும், காலம் தப்பும், பாடலின் சொல்லும் தப்பும். வெளியையும் எண்ணாகக் குறித்துவைக்க அவ்வடிவில் இடமுண்டு. ஆயின் புதிய மென்பொருள் பெரும்பாலும் அவ்வெண்ணைப் பொருட்படுத்தாது தன் விகிதத்தின்படியே வரியை மீள விரித்துக்கொள்ளும். இசையின் தரவு எது, தோற்றம் எது என்ற பிரிப்பில் வெளியைத் தோற்றத்தின் பக்கம் தள்ளியதன் விளைவு இது. பழைய கோப்பைத் திறக்கும் பதிப்பாசிரியர், முன்னர் தாமே சமன்செய்த அதே நான்கு மாகாணிச் சுரங்கள் இரண்டிரண்டாகப் பிளந்து நிற்கக் கண்டு, அச்சிட்ட பழைய பிரதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மறுபடி நகர்த்தத் தொடங்குகின்றார்.