உள்ளிருந்து எடுத்த படங்கள்

2017-இல் ஏழு லட்சத்துக்கும் மேலான ரோஹிங்கியா மக்கள் மியான்மரிலிருந்து வங்கதேசத்துக்கு ஓடிவந்தபோது, வெளியிலிருந்து வந்தவர்கள் எடுத்த படங்களில் சேறும் கண்ணீருமே நிறைந்திருந்தன. அவை பொய்யல்ல; ஆனால் போதாதவை.

வங்கதேசத்தின் காக்ஸ் பஜார் அகதி முகாமிலிருந்து சாஹத் ஜியா ஹீரோ 2022-இல் தொடங்கிய ‘ரோஹிங்கியாட்டோகிராஃபர்’ இதழைப் பாருங்கள். படமெடுப்பவர்கள் முகாம்வாசிகளே, பலர் கையில் இருப்பது வெறும் கைபேசி. மூங்கிலும் தார்ப்பாயும் பின்னணியாக இருக்க, முகங்கள் முன்னே வருகின்றன. என்னை இழுத்துப் பிடிப்பது அந்த முகங்களின் பார்வைதான். அந்நியரைக் கண்ட மிரட்சி அதில் இல்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளையைப் பார்க்கும் இயல்பு இருக்கிறது. எவ்வளவு விலையுயர்ந்த லென்ஸும் இந்த நெருக்கத்தைத் தராது. தீயும் வெள்ளமும் வரும்போதும் முதலில் பதிவுசெய்பவர்கள் இந்தப் படக்காரர்களே. 2023-இல் ஹீரோவுக்கும் சக ரோஹிங்கியா கதைசொல்லிகள் மூவருக்கும் ஆசிய பசிபிக் பகுதிக்கான நான்சன் அகதிகள் விருது கிடைத்தது. தகுதியான கைகளுக்கே போய்ச் சேர்ந்தது.