குடும்ப வக்பும் ஏழையின் இடமும்

ஒரு சொத்தின் உடைமையை இறைவனுக்கென ஒதுக்கி, அதன் வருவாயை அறவழியிற் செலவிடுமாறு நிறுவுவதே வக்பு எனப்படும். அவ்வருவாய் முதலில் நிறுவியவரின் வழித்தோன்றல்களுக்கும், அவர்கள் அற்ற பின்னர் ஏழைகளுக்கும் உரியதாக்கப்படின் அது குடும்ப வக்பு ஆகும். சொந்தக் குடும்பத்திற்கு ஈவதும் அறமாகுமா? பிரித்தானிய இந்தியாவில் இவ்வினாவுக்கு அளிக்கப்பட்ட விடைகளை ஈண்டு மதிப்பிடுவோம்.

கல்கத்தாவிலிருந்து மேன்முறையீடாகச் சென்ற அபுல் பத்தா வழக்கில், சகோதரர் இருவர் நிறுவிய குடும்ப வக்பு செல்லாதென 1894 இல் இலண்டன் பிரிவிக் கவுன்சில் தீர்ப்பளித்தது. குடும்பம் முற்றாக அற்றுப்போன பின்னரே ஏழைக்குப் பயன் கிட்டுமாதலின், அவ்வீகை வெறுந்தோற்றமே என்பது அதன் சாரம்.

இத்தீர்ப்பு ஆங்கிலேயரின் அறக்கொடைக் கருத்தைக் கொண்டு இஸ்லாமிய நிறுவனமொன்றை அளந்தது. நபிகளாரின் அறிவுரைப்படி உமர் அவர்கள் கைபர் நிலத்தை வக்பு ஆக்கியபோது, அதன் பயனுக்கு உரியோராக ஏழைகளோடு உறவினரையும் குறித்தார் என ஹதீஸ் நூல்கள் கூறும். நிருவகிப்பவர் அளவோடு உண்ணலாம். செல்வம் சேர்த்தலாகாது என்பதும் அங்கு விதியாகும். எனவே உறவினரைப் பேணல் அறமன்று எனும் கருத்து ஏற்புடையதன்று.

ஜின்னாவின் முயற்சியால் 1913 இல் நிறைவேறிய வக்பு செல்லுபடியாக்கற் சட்டம் இக்குறையை நீக்கிற்று. எனினும் அதுவும் முழு விடையன்று. கைபரில் உறவினரும் ஏழையரும் ஒருங்கே பயன் பெற்றனர். இச்சட்டமோ ஏழையை வரிசையின் கடைசியில் நிறுத்துவதற்கு இடமளித்தது.

நிருவாகத்திலே குறை இன்னும் பெரிது. ஒருவருக்கு நான்கு மக்கள், அவர் ஒவ்வொருவருக்கும் நான்கு மக்கள் எனப் பெருகின், மூன்றாந் தலைமுறையிற் பங்குதாரர் 64 பேராவர். முதவல்லியோ ஒருவரே. முதவல்லிகள் ஆண்டுதோறும் நீதிமன்றத்திற்குக் கணக்குக் காட்டல் வேண்டுமென 1923 ஆம் ஆண்டுச் சட்டம் பணித்தது. ஆயின் குடும்பத்தினர் பயன்பெறும் வக்புகளுக்கு அது விலக்களித்தது. பிறவூரில் மணம் முடித்த பேர்த்தியும் என்றோ பயன்பெறவேண்டிய ஏழையும் அச்சட்டத்தின் வழியாகக் கணக்கை அறிதற்கு வழி இல்லாது போயிற்று. உறவினருக்குள் கணக்கெதற்கு என்ற எண்ணமே இவ்விலக்கின் அடிப்படை போலும். உண்மையிற் கணக்கு மிகுதியும் வேண்டப்படுவது உறவினருக்குள்ளேயே. கேட்கக் கூச்சமும் மறுக்கத் துணிவும் அங்குதான் மிகுதி.

எகிப்து 1952 இல் குடும்ப வக்புகளையே ஒழித்தது. அது நோய்க்கு அஞ்சி உறுப்பை வெட்டுவது போன்றதாகும். ஏழைக்கு இன்றே ஒரு பங்கு, அனைவருக்கும் ஆண்டுக் கணக்கு என்னும் இரண்டும் கைபர் விதியின் பொருளோடு இயைவன. அவை பேணப்படின் குடும்ப வக்பு அறமாகும். அன்றேல் 1894 ஆம் ஆண்டுத் தீர்ப்பின் ஐயத்துக்கு நாமே சான்று அளித்தவராவோம்.