பத்து வருட நட்பும் ஒரு முத்தமும்

நெடுநாள் நண்பர்கள் இருவர் கடைசியில் காதலராகும் கதைக்கு, இன்றைய ஆங்கில இலகு நாவல்களில் தனி வாசகர் கூட்டமே உண்டு. அதன் கவர்ச்சி எளிதில் விளங்கக்கூடியது. ஒருவரின் கோபம், சோம்பல், பொய், அசட்டுத்தனம் எல்லாம் மற்றவருக்கு ஏற்கெனவே தெரியும். தெரிந்தும் விலகிப் போகவில்லை. முழுதாக அறியப்பட்ட பிறகும் நேசிக்கப்பட முடியும் என்ற நம்பிக்கையை வேறெந்தக் காதல் கதையும் இவ்வளவு நேரடியாகத் தருவதில்லை.

இந்த வகையை அளந்து பார்க்க ஜேன் ஆஸ்டினின் ‘எம்மா’வை (1815) விடச் சிறந்த அளவுகோல் எனக்குக் கிடைக்கவில்லை. நைட்லி, எம்மாவின் அக்காள் கணவருக்கு அண்ணன். அவளைவிடப் பதினாறு வயது மூத்தவர். பாக்ஸ் ஹில் உல்லாசப் பயணத்தில், ஏழ்மையில் வாழும் மிஸ் பேட்ஸை எம்மா எல்லோர் முன்னும் நையாண்டி செய்துவிடுகிறாள். வண்டி ஏறும் நேரத்தில் நைட்லி அவளைக் கண்டிக்கிறார். வழியெல்லாம் அவள் அழுகிறாள். பிறகு தோட்டத்தில் அவர் மனம் திறக்க வரும்போது, வேறொருத்தியைப் பற்றிச் சொல்லப் போகிறாரென்று பயந்து எம்மா அவரைத் தடுக்கிறாள். அவர் முகம் வாடியதைக் கண்டதும், தனக்கு எவ்வளவு வலித்தாலும் நண்பராகக் கேட்டுக்கொள்வதாகச் சொல்லித் திரும்ப அழைக்கிறாள். காதல் கைகூடுவதற்கு ஒரு நொடி முன்புவரை அங்கே நட்பு தன் வேலையைச் செய்துகொண்டிருக்கிறது.

இன்றைய நாவல்கள் பலவற்றில் இந்த வேலைதான் காணாமல் போகிறது. ‘பத்து வருட நண்பர்கள்’ என்று முதல் அத்தியாயம் அறிவித்துவிடும். அந்தப் பத்து வருடத்தில் ஒருவருக்கொருவர் என்ன செய்தார்கள் என்பது தெரியாது. எமிலி ஹென்றியின் ‘பீப்பிள் வீ மீட் ஆன் வெக்கேஷன்’ (2021) இந்தக் குழியைத் தாண்டிவிடுகிறது. பாப்பியும் அலெக்ஸும் ஒவ்வொரு கோடையிலும் சேர்ந்து ஊர் சுற்றுகிறவர்கள். பழைய பயணங்களும் இப்போதைய பயணமும் மாறி மாறி வருவதால், நட்பு நம் கண்முன்னே வளர்கிறது. பாம் ஸ்பிரிங்ஸ் வெயிலில் ஏசி வேலை செய்யாத அறையில் இருவரும் வெந்துகொண்டிருக்கையில், அவர்களுடைய பொறுமையையும் எரிச்சலையும் நாம் முன்பே அறிந்திருக்கிறோம். ஆனால் குரோவேஷியப் பயணத்தில் தங்களுக்குள் நடந்ததைப் பற்றி இருவரும் இரண்டு வருடம் வாய் திறக்காமல் இருப்பதை என்னால் முழுதாக ஏற்க முடியவில்லை. அவள் நியூயார்க்கிலும் ஊர்ஊராகவும் வாழ விரும்புகிறவள். அவன் ஒஹையோவின் சிற்றூர்ப் பள்ளியில் ஆசிரியன். உண்மையான தடை அதுதான். அது தாமதமாகவே மேடைக்கு வருகிறது.

உட்கார்ந்து ஒருமுறை பேசினால் தீர்ந்துவிடும் சிக்கலில் கதையை ஓட்டுவது இந்த வகையின் தீராத நோய். சிசிலியா அஹெர்னின் ‘வேர் ரெயின்போஸ் எண்ட்’ (2004) கடிதங்களும் மின்னஞ்சல்களுமாக நகர்கிறது. பள்ளித் தோழர்களான ரோஸியும் அலெக்ஸும் சேர்வதற்குள் ஐம்பது வயதை நெருங்கிவிடுகிறார்கள். கடித வடிவம் அவர்களின் நெருக்கத்தை அழகாகக் காட்டுகிறது. ஆனால் நடுவில் இருவரும் மணக்கும் துணைகள் விலக்கப்படுவதற்கென்றே படைக்கப்பட்டவர்கள்போல் தெரிகிறார்கள். அவர்களுக்கும் ஒரு வாழ்க்கை உண்டு என்ற நினைப்பை எழுத்தாளர் தந்திருக்க வேண்டும்.

டேவிட் நிக்கல்ஸின் ‘ஒன் டே’ (2009) இன்னும் துணிச்சலானது. 1988 ஜூலை 15இல் தொடங்கி, வருடா வருடம் அதே தேதியில் எம்மா, டெக்ஸ்டர் இருவரையும் பார்க்கிறோம். புகழும் போதையும் தலைக்கேறிய டெக்ஸ்டரை ஓர் உணவகத்தில் எம்மா விட்டுப் போகிறாள். அன்பு இருக்கிறது, பிடிப்புதான் போய்விட்டது என்பதை முகத்துக்கு நேரே சொல்லிவிட்டே போகிறாள். காதலின் பெயரால் அல்லாமல் நட்பாகவே அந்த உறவு முறிவதால் இழப்பின் கனம் நமக்கும் உறைக்கிறது.

எனக்குப் பெரிதாக உறுத்துவது வேறு. வருடக்கணக்கில் காதலைச் சொல்லாமல் காத்திருந்தவனுக்கு அவன் தோழி ஏதோ கடன்பட்டவள்போல் பல கதைகள் முடிகின்றன. உதவியது, அழைத்துப் போனது, ஆறுதல் சொன்னது எல்லாம் கணக்கில் ஏறிவிடுகின்றன. லூயிசா மே ஆல்காட் இதற்கு இணங்கவில்லை. ‘லிட்டில் விமன்’ முதல் பாகம் 1868இல் வந்ததும், நாயகி ஜோவை அவள் நண்பன் லாரிக்கே மணமுடிக்க வேண்டுமென்று வாசகிகள் எழுதிக் கேட்டார்கள். அடுத்த ஆண்டு வந்த இரண்டாம் பாகத்தில் லாரி மனம் திறக்கிறான், ஜோ மறுக்கிறாள். அவன் உடைந்துபோகிறான், அவளும் வருந்துகிறாள், ஆனால் இரக்கப்பட்டு இணங்கவில்லை. பின்னாளில் அவன் அவள் தங்கை எமியை மணந்து அதே குடும்பத்துக்குள் வருகிறான். ஜோவின் நண்பனாகவே நீடிக்கிறான். மறுத்த பிறகும் தொடரும் அப்படியொரு நட்பை இன்றைய இலகு நாவல்களில் நான் தேடிக்கொண்டே இருக்கிறேன்.